மலைவழிச் சவாரி

கொல்லிமலை என்றதும் தமிழ் படித்தவர் நெஞ்சில் வல்வில் ஓரி வந்து நிற்பான். ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்த அவனுடைய வில்லாற்றலை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த வில்லைப் பற்றி நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். ஓரிக்கு ஒரு குதிரையும் இருந்தது என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. சிறுபாணாற்றுப்படை அந்தக் குதிரையைக் குறிப்பிடுகிறது. அதன் பெயரும் ஓரியே. அவனோடு பொருது அவனைக் கொன்ற காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். ஏறுகின்ற வீரனுக்கும் ஏறப்படுகின்ற குதிரைக்கும் ஒரே பெயர் வழங்கியது என்றால், சவாரி என்பது அந்நாளில் வெறும் பயணமாக இருக்கவில்லை என்று கொள்ளலாம். அது இரண்டு உடல்கள் ஒன்றாய் இயங்கும் ஒரு கலையாக இருந்தது.

மாணவ நண்பர்களே, நம் காலத்தில் குதிரையின் இடத்தை மோட்டார் பிடித்துக்கொண்டது. சாலை இல்லாத கரட்டு நிலத்திலும், மணலிலும், சேற்றிலும், மலைச்சரிவிலும் ஓடுவதற்கென்றே நான்கு பருத்த சக்கரங்களுடன் ஒரு வண்டி செய்யப்படுகிறது. அதைக் குவாட் பைக் என்கிறார்கள். மலைவாசத் தலங்களிலும் கடற்கரைகளிலும் கட்டணம் செலுத்தி இளைஞர் அதில் ஏறிச் சுற்றுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்தச் சவாரி உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்மை தரும் என்று சிலர் சொல்கிறார்கள். எஞ்சின் இழுக்க, ஆள் சும்மா உட்கார்ந்திருக்க, இதில் என்ன உடற்பயிற்சி என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இவ்விரு கட்சியில் எது சரி? இந்தக் கேள்விக்கு வரலாற்றின் துணைகொண்டு விடை தேடுவதே இன்று நான் மேற்கொண்ட முயற்சி.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கொல்லிமலை இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அதன் மேற்பரப்பு பெரும்பாலும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையது. மலைமேல் வாழும் மலையாளி மக்கள் தம் ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்று அழைக்கிறார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு என்று வழங்கும் அந்த நாடுகளுள் ஒன்று ஆலத்தூர் நாடு. பண்டைத் தமிழகத்தில் நிலப்பிரிவுகளுக்கு வழங்கிய 'நாடு' என்னும் சொல், சமவெளியில் பெரும்பாலும் வழக்கொழிந்த பின்னும் இந்த மலையில் உயிரோடு இருப்பது வரலாற்று மாணவர் கவனிக்கத்தக்க செய்தி. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் மோட்டார்ச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அந்தச் சாலை வருவதற்கு முன் ஏறுவதும் இறங்குவதும் ஒற்றையடிப் பாதையில்தான். மிளகும் பழமும் தானியமும் மனிதர் தலையிலும் தோளிலும் ஏறியே கீழே உள்ள சந்தைகளைச் சென்றடைந்தன.

இத்தகைய வழியில் செல்பவர்க்கு என்ன தேவை என்பதைத் தமிழிலக்கியம் மிகப் பழங்காலத்திலேயே ஆராய்ந்திருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் பாட்டு அது. வழி இனிமையானது என்று மட்டும் சொல்லிப் புலவர் நிறுத்திவிடவில்லை. வழியில் உள்ள இடர்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். தினைப்புனம் காப்பவர் யானையை விரட்ட எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், பாசி படர்ந்த சுனையோரத்தில் கால் எப்படி வழுக்கும், அங்கே சிறுமூங்கிற் கோலைப் பற்றிக்கொண்டு எவ்வாறு கடக்க வேண்டும், இரவு வந்தால் குகையில் எப்படித் தங்க வேண்டும் என்றெல்லாம் கூறுகிறார். கரட்டு வழியில் செல்வோர்க்கு நம் மொழியில் கிடைத்துள்ள மிகப் பழைய கையேடு இதுவே என்று சொல்லத் தோன்றுகிறது. இந்தக் கையேடு முழுவதும் வலியுறுத்துவது கால்வலிமையை விடக் கவனத்தையே என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் இது நமக்குப் பயன்படும்.

இனிக் கடல் கடந்து கிரேக்க நாட்டுக்குச் செல்வோம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் செனபோன் என்ற கிரேக்கப் படைத்தலைவர் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். சாக்ரட்டீசின் மாணவர்களுள் அவரும் ஒருவர். குதிரையைச் சமநிலத்தில் மட்டும் பழக்கினால் போதாது, பள்ளம் தாண்டவும் மேடு ஏறவும் சரிவில் இறங்கவும் பழக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மேட்டில் ஏறும்போது குதிரையின் வாய் வருந்தாதபடி அதன் பிடரிமயிரைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றும், சரிவில் இறங்கும்போது உடலைப் பின்னுக்குச் சாய்த்துக் கடிவாளத்தால் குதிரையைத் தாங்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். பிடரிமயிரைப் பற்றுபவனின் உடல் தானாகவே முன்னுக்குச் சாயும். ஏறும்போது முன்னுக்கு, இறங்கும்போது பின்னுக்கு: இன்று குவாட் பைக் ஓட்டக் கற்பவனுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடமும் இதுவே. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், விலங்கு இருந்த இடத்தில் எஞ்சின் வந்தும், மனித உடல் செய்யவேண்டிய வேலை மாறவில்லை.

குதிரைச் சவாரி போர்க்கும் பயணத்துக்கும் மட்டுமன்றி நோய்க்கும் மருந்தாகும் என்ற எண்ணம் ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற மருத்துவரான தாமஸ் சைடன்ஹாம் தம் நோயாளிகளுக்குக் குதிரைச் சவாரியை விதித்தார். பிரான்சிஸ் புல்லர் என்பவர் உடற்பயிற்சியின் மருத்துவப் பயனைப் பற்றி 1705ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் சவாரிக்குச் சிறப்பிடம் கொடுத்தார். சயரோகத்தையே சவாரி தீர்க்கும் என்று அக்காலத்தவர் நம்பியது மிகையான நம்பிக்கை. சயரோகத்துக்குக் காரணம் ஒரு நுண்ணுயிர் என்று ராபர்ட் காக் 1882இல் கண்டுபிடித்த பிறகு அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. ஆயினும் திறந்த வெளியில் உடலை இயக்குவது நலம் தரும் என்ற அடிப்படை எண்ணம் நிலைத்தது.

இவ்விடத்தில் வரலாறு ஒரு வேடிக்கையான திருப்பம் கொள்கிறது. குதிரை ஏற நேரமில்லாதவர்களும் மழையில் வெளியே செல்ல விரும்பாதவர்களும் வீட்டுக்குள்ளேயே சவாரி செய்ய ஆசைப்பட்டார்கள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'அறைக் குதிரை' என்ற ஒரு நாற்காலி செய்யப்பட்டது. தோலுறைக்குள் பலகைகளும் சுருள்வில்களும் அடுக்கிய அந்த இருக்கையில் அமர்ந்து மேலும் கீழுமாகக் குதித்தால் குதிரைமேல் செல்வது போன்ற அசைவு கிடைக்கும். நாடெங்கும் குதிரையேறிச் சென்று சமயப் பிரசாரம் செய்த ஜான் வெஸ்லி தம் லண்டன் வீட்டில் அத்தகைய நாற்காலி ஒன்றை வைத்திருந்தார். 19ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர் குஸ்தாவ் சாண்டர் உடற்பயிற்சி இயந்திரங்கள் பலவற்றைச் செய்தார். அவற்றுள் சவாரி இயந்திரமும் ஒன்று. 1912இல் கடலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் பயிற்சிக்கூடத்தில் மின்சாரக் குதிரையும் மின்சார ஒட்டகமும் இருந்தன. 1920களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த கால்வின் கூலிட்ஜ் வெள்ளை மாளிகையில் ஒரு மின்சாரக் குதிரையின் மீது ஏறிப் பயிற்சி செய்தார்.

இந்த இயந்திரக் குதிரைகளில் பெரும்பாலானவை இன்று காட்சிப் பொருள்கள். அவை உடலைக் குலுக்கின என்பது உண்மை. ஆனால் அந்தக் குலுக்கல் ஒரே சீரானது. அடுத்த அசைவு எது என்பது ஏறியவனுக்கு முன்பே தெரியும். வழியில் கல் இல்லை, வழுக்கல் இல்லை, வளைவு இல்லை. ஆகவே கண்ணுக்கும் மனத்துக்கும் அங்கே வேலையே இல்லை. மலைபடுகடாம் கேட்ட கவனத்தை மின்சாரக் குதிரை கேட்கவில்லை. சவாரியின் நன்மை அசைவில் மட்டும் இருப்பதன்று என்பதை இந்த மறக்கப்பட்ட இயந்திரங்கள் நமக்குச் சொல்கின்றன.

அப்படியானால் உயிருள்ள குதிரை என்ன செய்யும்? இதற்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கை சான்றாகிறது. டென்மார்க் நாட்டைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் என்பவர் தேர்ந்த குதிரையேற்ற வீராங்கனை. 1944ஆம் ஆண்டில், இருபத்து மூன்று வயதில், இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கியது. பல மாதப் பயிற்சிக்குப் பின்னரும் முழங்காலுக்குக் கீழே உணர்வும் இயக்கமும் மீளவில்லை. குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டியிருந்தது. ஆயினும் அவர் மீண்டும் குதிரை ஏறினார். இடுப்பாலும் முதுகாலும் குதிரையை நடத்தக் கற்றுக்கொண்டார். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் ஆடவரோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். முதற்பரிசு பெற்ற சுவீடன் வீரர் ஹென்றி செயின்ட் சிர் அவரைத் தாங்கிப் பிடித்துப் பரிசு மேடைமேல் ஏற்றினார். 1956இல் ஹார்ட்டெல் மறுபடியும் வெள்ளி வென்றார். உடற்குறை உடையோர்க்குக் குதிரைச் சவாரியைச் சிகிச்சையாக அளிக்கும் முறை ஐரோப்பாவில் பரவுவதற்கு இந்த நிகழ்ச்சி பெருந்தூண்டுதலாயிற்று.

இதன் காரணத்தை உடலியல் நூலார் விளக்குகிறார்கள். நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று ஒற்றர்கள் ஓயாமல் செய்தி தருகிறார்கள். ஒருவர் கண். மற்றொருவர் உட்செவி, அங்கே நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் தலையின் திருப்பத்தை உணர்ந்து மூளைக்கு அறிவிக்கின்றன. மூன்றாமவர் தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நரம்பு நுனிகள். கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது என்று நாம் அறிவது அவற்றால்தான். இருக்கை ஆடும்போது இம்மூவர் செய்தியையும் மூளை ஒருங்கு சேர்த்து, வயிற்றுத் தசைகளையும் முதுகுத் தசைகளையும் நொடிக்கு நொடி இறுக்கியும் தளர்த்தியும் உடலை நிமிர்த்துகிறது. அடுத்த ஆட்டம் எப்படி வரும் என்று தெரியாதபோதுதான் இந்த ஒருங்கிணைப்பு முழுமையாக வேலை செய்கிறது. கரட்டு நிலத்தின் பயன் இதில் அடங்கியிருக்கிறது.

இனி மோட்டார் வண்டியின் பிறப்பைக் காண்போம். 1960களின் பிற்பகுதியில் ஹோண்டா நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்கு ஒரு கவலை இருந்தது. பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் வாங்குவார் இல்லை. அந்தப் பருவத்திலும் விற்கக்கூடிய ஒரு வண்டி வேண்டும் என்று அது ஜப்பானுக்கு எழுதியது. ஒசாமு டாக்கெயூச்சி என்ற பொறியியலாளர் இந்தப் பணியை ஏற்றார். அவர் கண்ட தீர்வு, காற்றழுத்தம் மிகக் குறைந்த பருத்த டயர். பனியிலும் மணலிலும் சேற்றிலும் அது புதைவதில்லை. ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் அமிழாதது போல, வண்டியின் எடை பரந்த பரப்பில் பங்கிடப்படுகிறது. இவ்வாறு 1970இல் மூன்று சக்கர வண்டி விற்பனைக்கு வந்தது. 1982இல் சுசுகி நிறுவனம் நான்கு சக்கர வண்டியை வெளியிட்டது. இன்றைய குவாட் பைக் அந்த மரபில் வந்தது.

காரில் செல்பவன் நாற்காலியில் சாய்ந்து வட்டத் திருப்பியைப் பிடித்திருக்கிறான். குவாட் பைக்கில் செல்பவன் குதிரைமேல் இருப்பதுபோலக் காலை இருபுறமும் போட்டு அமர்ந்து கைப்பிடியைப் பற்றுகிறான். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டப்பட்ட வண்டிகள் பல உண்டு. அவற்றில் வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தொலைவு ஓட வேண்டியிருந்தும், இரண்டும் ஒரே வேகத்திலேயே சுழலும். அதனால் அந்த வண்டி நேராகச் செல்லவே விரும்பும். ஓட்டுபவன் தன் உடல் எடையை மாற்றினால்தான் அது நன்றாகத் திரும்பும். மேட்டில் முன்னுக்கும் பள்ளத்தில் பின்னுக்கும் வளைவில் உட்புறமும் அவன் சாய வேண்டும். சில இடங்களில் மிதிபலகைமேல் எழுந்து நின்று முழங்காலால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஓட்டுபவனின் உடலும் வண்டியின் ஓர் உறுப்பாகிவிடுகிறது.

இதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. கனடாவின் யார்க் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாகக் கரட்டு வழியில் ஓட்டும் 128 பேரைச் சோதித்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 56 பேர் நாற்சக்கர வண்டிக்காரர். 72 பேர் கரட்டு வழி மோட்டார் சைக்கிள்காரர். ஓடும் வண்டியிலேயே அவர்களுடைய மூச்சை ஆராய்ந்தனர். சும்மா இருக்கும்போது செலவாகும் பிராணவாயுவைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு நாற்சக்கரச் சவாரிக்கும், ஆறு மடங்கு மோட்டார் சைக்கிள் சவாரிக்கும் செலவாயிற்று. சவாரி முடிந்தபின் தசைகள், முக்கியமாகக் கை, தோள் முதலிய மேலுடல் தசைகள், களைத்திருந்தன. எஞ்சின் இழுக்க ஆள் சும்மா இருக்கிறான் என்ற கட்சி இங்கே தோற்றுவிடுகிறது.

ஆனால் மறுகட்சி முழு வெற்றி பெற்றதாகவும் சொல்ல முடியாது. மூச்சும் இதயமும் வலுப்பெறத் தக்க கடுமையான உழைப்பு எவ்வளவு நேரம் நிகழ்ந்தது என்றும் அதே ஆராய்ச்சி கணக்கிட்டது. மோட்டார் சைக்கிள் சவாரியில் 38 விழுக்காடு நேரம். நாற்சக்கரச் சவாரியிலோ 14 விழுக்காடு நேரமே. இருசக்கர வண்டி ஓட்டுபவனிடம் நிலம் அதிகம் கேட்கிறது. நாற்சக்கர வண்டி அந்தக் கேள்வியின் ஒரு பகுதிக்குத் தானே விடை சொல்லிவிடுகிறது. இன்னும் ஒன்று: சுமையின்றி மலையேறி நடப்பதற்கும் ஓய்வு நிலையைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு உழைப்பு வேண்டும் என்பது உடற்பயிற்சி நூலார் கணக்கு. ஆலத்தூர் நாட்டில் மேட்டு வழியில் நடக்கும் ஒரு சிறுவன், எந்த எஞ்சினும் இல்லாமலே, நாற்சக்கரச் சவாரிக்காரனைவிட அதிகமாக உழைக்கிறான்.

உடலைப் பற்றி இவ்வளவு சொன்னேன். உள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரட்டு வழியில் செல்பவன் முன்னே சில கஜ தூரத்தை இடைவிடாமல் வாசித்துக்கொண்டே போகிறான். எந்தக் கல் அசையும், எந்த மண் சரியும், எங்கே வேகம் குறைய வேண்டும் என்று அவன் மனம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவு நேரம் வேறு கவலைக்கு அங்கே இடமில்லை. தேர்வுக் கவலையோ வீட்டுக் கவலையோ சிறிது நேரம் விலகி நிற்பதால் மனம் இளைப்பாறுகிறது. ஜப்பானில் டொஹோக்கு பல்கலைக் கழகப் பேராசிரியர் ரியூட்டா கவாஷிமா, மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை விட்டிருந்த நடுவயதினர் மீண்டும் ஓட்டத் தொடங்கியபோது அவர்களுடைய அறிவுச் செயற்பாடு மேம்பட்டதாக 2009இல் அறிவித்தார். அந்த ஆராய்ச்சி யமஹா மோட்டார் நிறுவனத்துடன் சேர்ந்து நடத்தப்பட்டது என்பதையும் மாணவர் மறக்கக் கூடாது. விற்பவர் துணையோடு வரும் நற்சான்றை ஏற்கலாம். ஆனால் ஒருமுறைக்கு இருமுறை சோதித்தபின் ஏற்க வேண்டும்.

இன்னொரு வேறுபாட்டையும் நீங்கள் உணர வேண்டும். இதயம் விரைந்து துடிப்பதெல்லாம் உடற்பயிற்சி ஆகாது. அச்சத்தாலும் கிளர்ச்சியாலும் இதயம் துடிக்கும். திகில் படம் பார்ப்பவனுக்கும் துடிக்கும். அதனால் அவன் கால்கள் வலுப்பெறுவதில்லை. வேகத்தைக் கூட்டினால் கிளர்ச்சி கூடும். நன்மை கூடும் என்பதற்கில்லை. மெதுவாகச் சென்று கடினமான பாதையைச் சரியாகக் கடப்பதில்தான் தசைக்கும் மனத்துக்கும் அதிக வேலை. இந்தப் பாடத்தைக் கற்காதவர்கள் கொடுத்த விலையும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

மூன்று சக்கர வண்டி பார்வைக்கு எளியது. சிறுவரும் ஓட்டலாம் என்று தோன்றும். உண்மையில் அது எளிதில் கவிழும். 1980களில் அமெரிக்காவில் அதனால் நேர்ந்த இறப்புகளும் காயங்களும் பெரும் பிரச்சினையாயின. இறந்தவர்களுள் சிறுவர் பலர். அமெரிக்க அரசு நீதிமன்றம் சென்றது. 1988ஆம் ஆண்டு ஏப்ரலில் முடிவான உடன்படிக்கைப்படி மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. பெரியவர்க்கான வண்டிகளைப் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்க்கென விற்பதில்லை என்றும், வாங்குபவர்க்குப் பயிற்சி அளிப்பது என்றும் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. நான்கு சக்கரம் வந்ததால் ஆபத்து நீங்கிவிடவில்லை. வண்டியின் அகலம் குறைவு. எடை மையம் உயரம். சரிவில் குறுக்காகச் சென்றால் உருண்டுவிடும். உருண்டால் சில நூறு கிலோ எடை ஓட்டியவன்மேல் விழும். ஆஸ்திரேலியப் பண்ணைகளில் இவ்வாறு பலர் இறந்தனர். அதனால் பண்ணை வேலைக்கான புதிய வண்டிகளில், உருண்டாலும் ஆளை நசுக்காதபடி காக்கும் அமைப்பு இருந்தே ஆக வேண்டும் என்று 2021 அக்டோபர் முதல் அந்நாட்டில் விதி வந்தது. தலைக்கவசம் இன்றி, பயிற்சி இன்றி, ஒருவர் ஏறும் வண்டியில் இருவர் ஏறிச் செல்வது நன்மையைத் தேடிச் சென்று உயிரை இழப்பதாகும்.

ஓட்டுபவனுக்கு நேரும் தீங்கு ஒருபுறம் இருக்க, நிலத்துக்கு நேரும் தீங்கும் உண்டு. சுழலும் சக்கரம் புல்லைக் கிழிக்கிறது, மண்ணை இறுக்குகிறது. இறுகிய தடத்தில் மழைநீர் உள்ளே இறங்காமல் வாய்க்காலாக ஓடி மேல்மண்ணை அரித்துச் செல்கிறது. இதை உணர்ந்து அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் 1972ஆம் ஆண்டிலேயே, அரசு நிலங்களில் கரட்டு வழி வண்டிகள் எங்கே செல்லலாம், எங்கே செல்லக்கூடாது என்று வரையறுக்க ஆணையிட்டார். கொல்லிமலை போன்ற இடத்துக்கு இந்த எச்சரிக்கை மிகப் பொருந்தும். சாமையும் கேழ்வரகும் விளையும் சரிவான புனங்களின் செல்வம் அந்த மேல்மண்தான். அறப்பளீசுவரர் கோயிலின் அருகே ஓடி, ஆகாய கங்கையாக வீழும் ஐயாற்றுக்கும் நீர் இந்தச் சரிவுகளிலிருந்துதான் வருகிறது. காப்புக்காடுகளில் அனுமதியின்றி நுழைவதை 1882ஆம் ஆண்டு வனச்சட்டமே தடுக்கிறது.

கொல்லிமலையில் நான் சுற்றியபோது கண்ட ஒரு காட்சி இந்தப் பொருளில் என் எண்ணத்தைத் தெளிவாக்கியது. ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஒரு மண்பாதையில், வாழைத்தார்களைக் கட்டிய ஒரு பழைய டி.வி.எஸ். வண்டியை ஒருவர் இறக்கிக்கொண்டு வந்தார். ஓசூரில் 1980இல் பிறந்த அந்தச் சிறு மொபெட் வகையைச் சுமைதூக்கும் கழுதை என்றே நம் நாட்டுப்புறத்தார் நடத்துகிறார்கள். வழி முழுவதும் மழையறுத்த பள்ளம். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கால்களையும் அகல விரித்துத் தரையைத் தடவியபடி, உடலைப் பின்னுக்குச் சாய்த்து, அங்குலம் அங்குலமாக இறங்கினார். செனபோனின் பெயரை அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அந்தப் பாடம் அவர் முதுகெலும்புக்குத் தெரிந்திருந்தது. களைப்பாக இல்லையா என்று கேட்டேன். தம் தந்தையார் இதே தார்களைத் தலையில் சுமந்து இதே வழியில் இறங்கினார் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

கரட்டு வழிச் சவாரி நகரத்து இளைஞனுக்கு விடுமுறை விளையாட்டு. மலைநாட்டு உழவனுக்கு அன்றாட வாழ்க்கை. விளையாட்டின் நன்மையைப் பேசும் நாம், அந்த வழியை வெட்டியவர் யார், அதில் நாள்தோறும் சுமையோடு போவோர் யார் என்பதையும் எண்ண வேண்டும். அவர்கள் நடக்கும் பாதையைச் சேறாக்கிவிட்டு, அவர்கள் புனத்தின் வரப்பை உடைத்துவிட்டு, என் மனம் இளைப்பாறியது என்று ஒருவன் சொல்வானாயின், அந்த இளைப்பாறலின் செலவை வேறொருவர் தலையில் ஏற்றியவன் ஆவான்.

ஆகவே இரு கட்சியினர்க்கும் வரலாறு தரும் விடை இது. கரட்டு வழிச் சவாரியில் நன்மை உண்டு. அது தசையிலும் மூச்சிலும் மனத்திலும் அளந்து காணத்தக்க நன்மை. ஆனால் அந்த நன்மை எஞ்சினின் ஆற்றலிலிருந்து வருவதன்று. சீரற்ற நிலம் நம்மிடம் கேட்கும் உழைப்பிலிருந்தும் கவனத்திலிருந்தும் வருகிறது. வண்டி எவ்வளவுக்கு நமக்குப் பதிலாக உழைக்கிறதோ அவ்வளவுக்கு அது குறையும்.

நண்பர்களே, உங்களுள் சிலருக்கு இந்த வண்டியில் ஏறும் வாய்ப்புக் கிடைக்கலாம். கிடைத்தால், அதற்கென ஒதுக்கிய இடத்தில், தலைக்கவசம் அணிந்து, கற்றவர் ஒருவர் அருகிருக்க, மெல்ல ஓட்டுங்கள். ஏறும்போது முன்னுக்கும் இறங்கும்போது பின்னுக்கும் சாயுங்கள். வாய்ப்புக் கிடைக்காதவர் ஒன்றையும் இழந்தவர் அல்லர். உங்கள் ஊருக்கு அருகே ஒரு குன்று இருக்கும். அதில் ஒரு பழைய பாதையும் இருக்கும். விடுமுறை நாளில் இரண்டு தோழரோடு அதில் ஏறிப் பாருங்கள். அந்தப் பாதையை யார் எதற்காக வகுத்தார்கள் என்று ஊர்ப் பெரியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் சேர்வதோடு, உங்கள் ஊர் வரலாற்றில் ஓர் ஏடும் உங்கள் கையால் எழுதப்பட்டிருக்கும்.